கேமராவில் படத்தரம், அளவு, ஃபைல் வகை: எதை எங்கே வைப்பது?

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மலேசியாவில் இருக்கும் சொந்தங்களுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. மெயிலில் போகிற படத்துக்கு எதற்குப் பெரிய ஃபைல் என்று நானே முடிவு கட்டி, அளவை ‘ஸ்மால்’ என்றும் தரத்தை ‘பேசிக்’ என்றும் வைத்தேன். முகப்பு, வளவு, பட்டகசாலை, இரண்டாம் கட்டு என்று இருநூறு படம். எல்லாம் சேர்ந்து ஒரு சிடியில் பாதிகூட நிறையவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்றரை வருஷத்தில் பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாமல் அந்த வீட்டைப் பிரித்துவிட்டார்கள். தூண்களும் நிலைக்கதவும் லாரி ஏறின. அப்புறம் ஒருநாள் அந்த வீட்டு ஆச்சி போன் செய்தார். “தம்பி, முகப்பு நிலையை மூணு அடிக்குப் பிரிண்ட் போட்டுக் குடுங்க. மெட்ராஸ் வீட்டுல மாட்டணும்.” போட்டேன். நிலைக்கு மேலே செதுக்கியிருந்த கஜலட்சுமிக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. இரண்டு பக்கமும் நின்ற யானைகள் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன. ஆச்சி திட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “லெச்சுமி மொகமே தெரியலையேப்பா” என்றார். திரும்பப் போய் எடுக்கலாம் என்றால் வீடு இல்லை.

எந்தப் படம் எங்கே போய்ச் சேரும் என்று எடுக்கும்போது நமக்குத் தெரியாது. “மெயிலுக்குத்தானே”, “வாட்ஸ்அப்புக்குத்தானே” என்று இன்றைய தேவையை வைத்து செட்டிங்கைக் குறைத்தால், நாளைய தேவைக்கு அந்த ஃபைலில் ஒன்றும் இருக்காது. பெரியதாக எடுத்துச் சின்னதாக்க ஒரு நிமிஷம் போதும். சின்னதாக எடுத்ததைப் பெரியதாக்க எந்த மென்பொருளும் கஜலட்சுமிக்கு உண்மையான முகத்தைக் கொடுக்காது. தானாக ஒரு முகத்தை வரைந்துதான் கொடுக்கும். கீழே சொல்கிற எல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் மூன்று சின்ன வேலைகள்

மெனுவுக்குள் போகும் முன், மேலே இருக்கும் டயலைப் பச்சை ஆட்டோவில் இருந்து எடுங்கள். P என்ற எழுத்தில் வைத்தால் போதும், A-யில் (கேனானில் Av) வைத்தாலும் சரி. பல கேமராக்களில் ஆட்டோவில் இருக்கும்வரை பாதி மெனு மங்கலாகத்தான் தெரியும், தொட முடியாது.

அடுத்து தேதியும் நேரமும். பேட்டரியை ரொம்ப நாள் கழற்றி வைத்திருந்தால் கடிகாரம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் இந்த நேரம்தான் பதிகிறது. கல்யாணத்தில் இரண்டு கேமரா ஓடினால், இரண்டின் நேரத்தையும் ஒன்றாக வையுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்தும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வரும்.

மூன்றாவது, கார்டை கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள். அதற்கு முன் அதில் இருப்பதை வேறு இடத்தில் வைத்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு வேறு, தரம் வேறு

மெனுவில் ‘இமேஜ் சைஸ்’, ‘இமேஜ் குவாலிட்டி’ என்று இரண்டு இருக்கும். சில கேனான் கேமராக்களில் இரண்டும் ஒரே திரையில், எழுத்தும் ஒரு சின்னமுமாக இருக்கும். நிறையப் பேர் குழம்புவது இங்கேதான்.

அளவு என்பது படத்தில் எத்தனை புள்ளிகள் என்பது. 24 மெகாபிக்சல் கேமராவில் ‘லார்ஜ்’ என்றால் 6000-க்கு 4000 புள்ளிகள். ‘மீடியம்’ ஏறக்குறைய 4500-க்கு 3000. ‘ஸ்மால்’ 3000-க்கு 2000. நல்ல பிரிண்ட்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வழக்கமாகக் கணக்கு வைப்போம். அப்படிப் பார்த்தால் லார்ஜ் 20-க்கு 13 அங்குலம் தாங்கும், மீடியம் 15-க்கு 10, ஸ்மால் 10-க்கு ஆறரை.

கல்யாண ஆல்பத்தில் ஒரு விரிப்பு 12-க்கு 36 அங்குலம் இருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும் ஒரே படத்தை அந்த 36 அங்குலத்துக்கும் விரித்தால், லார்ஜில் எடுத்ததற்கு அங்குலத்துக்கு 166 புள்ளி கிடைக்கும். கையில் வைத்துப் பார்க்க அது நன்றாகவே இருக்கும். ஸ்மாலில் எடுத்திருந்தால் 83. அங்கே பெண்ணின் கண்மை இமையோடு கலந்து நிற்கும். மண்டப வாசல் ஃபிளெக்ஸுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அதை ரோட்டிலிருந்து பார்ப்பதால் அங்குலத்துக்கு 50 புள்ளி இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

தரம் என்பது அந்தப் புள்ளிகளை எவ்வளவு இறுக்கிச் சுருக்குகிறோம் என்பது. நிக்கானில் ஃபைன், நார்மல், பேசிக் என்று இருக்கும். சோனியில் எக்ஸ்ட்ரா ஃபைன், ஃபைன், ஸ்டாண்டர்ட். கேனானில் பெயர் இருக்காது, படம்தான்: வழவழப்பான வளைவு என்றால் ஃபைன், படிக்கட்டு மாதிரி இருந்தால் நார்மல். நிக்கான் சொல்லும் சுருக்கக் கணக்கு ஃபைனுக்கு ஏறக்குறைய நாலில் ஒன்று, நார்மலுக்கு எட்டில் ஒன்று, பேசிக்குக்குப் பதினாறில் ஒன்று. 24 மெகாபிக்சலில் கையில் கிடைக்கும் ஃபைல் ஃபைனில் 10–12 எம்பி, நார்மலில் 6, பேசிக்கில் 3 என்ற அளவில் இருக்கும்.

சுருக்குவது எப்படி என்று தெரிந்துகொண்டால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதும் புரிந்துவிடும். கேமரா வழக்கமாகப் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஃபைல் வகைக்கு ஜேபெக் (JPEG) என்று பெயர். அது படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டுகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 6000-க்கு 4000 படத்தில் இப்படி 3,75,000 கல். ஒவ்வொரு கல்லுக்குள்ளும் நிறம் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கணக்குப் போட்டு, கண்ணுக்கு எளிதில் தெரியாத வேகமான மாற்றங்களைத் தூக்கிப் போட்டுவிடும். அந்தக் கணக்கு முறையை நாசிர் அகமது, நடராஜன், ராவ் என்ற மூவர் 1974இல் வெளியிட்டார்கள். முதலாமவர் பெங்களூருவில் பிறந்தவர். ஜேபெக் தரநிலை 1992இல் வந்தது. உலகம் முழுக்க இன்று போனில் புரளும் படங்களுக்குள் அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் ஒரே வெள்ளை. அந்தக் கல்லுக்குள் மாற்றமே இல்லாததால் எவ்வளவு சுருக்கினாலும் இழப்பு இல்லை. ஆனால் பூவேலை செய்த தரையோ, தூணின் போதிகையோ, கண்டாங்கிச் சேலையின் கட்டமோ வந்துவிட்டால் ஒவ்வொரு கல்லுக்குள்ளும் ஆயிரம் விஷயம். அங்கே பேசிக்கில் எடுத்தால் பச்சைக்கும் அரக்குக்கும் நடுவில் இருக்கும் கோட்டைச் சுற்றி கொசு மொய்த்தது போல ஒரு அழுக்கு தெரியும். இதனால்தான் ஒரே செட்டிங்கில் எடுத்தாலும் சுவர்ப்படம் சின்ன ஃபைலாகவும் தரைப்படம் பெரிய ஃபைலாகவும் வரும். கேமரா காட்டும் ‘இன்னும் இத்தனை படம்’ என்ற எண் ஒரு உத்தேசம்தான் என்பதற்கும் இதுவே காரணம்.

புதிய நிக்கான் மாடல்களில் ஃபைன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டும் போடாமலும் இரண்டு இருக்கும். நட்சத்திரம் இல்லாதது எல்லா ஃபைலையும் ஏறக்குறைய ஒரே அளவில் வைக்கப் பார்க்கும். அதற்காகத் தரையைப் பிழியும். நட்சத்திரம் போட்டது தரத்தை விட்டுக்கொடுக்காமல் ஃபைல் அளவைக் கூடவும் குறையவும் விடும். நம் ஊர் வீடுகளுக்கு நட்சத்திரம்தான்.

என் கணக்கு இது. அளவை எப்போதும் லார்ஜில் வையுங்கள், அதைத் தொடவே வேண்டாம். கார்டில் இடம் இல்லாமல் தவித்தால் தரத்தை ஃபைனிலிருந்து நார்மலுக்கு இறக்குங்கள். லார்ஜ் நார்மலில் எடுத்த படம் பெரும்பாலான பிரிண்ட்டில் ஃபைனோடு ஒப்பிட்டால் வித்தியாசமே தெரியாது. பேசிக் என்ற ஒன்று மெனுவில் இருப்பதை மறந்துவிடுங்கள்.

அதே மெனுவில் படத்தின் வடிவம் 3:2, 16:9, 1:1 என்று இருந்தால் 3:2-இலேயே விடுங்கள். மற்றவை ஓரத்தை வெட்டுகின்றன, வேறொன்றும் செய்வதில்லை. ‘டிஜிட்டல் ஜூம்’ இருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஜேபெக்கா, ராவா

இந்தச் சண்டை டீக்கடையில் ஆரம்பித்தால் முடியாது. ரா (RAW) என்றால் சென்சார் பதிந்ததைக் கேமரா திருத்தாமல் அப்படியே வைக்கும் ஃபைல். இப்படிப் பாருங்கள். ரா என்பது பர்மாவிலிருந்து வந்து இறங்கிய தேக்குக் கட்டை. ஜேபெக் என்பது ஆசாரி செதுக்கி முடித்த தூண். செதுக்கிய தூண் உடனே நிறுத்தலாம், அழகாக இருக்கும். ஆனால் உளி பட்ட இடத்தில் மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கேமராவுக்குள் இருக்கும் ஆசாரி நல்ல கைக்காரர்தான். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் தூணை அவர் பார்த்ததில்லை.

எண்ணில் சொன்னால், ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். ராவில் 12 பிட் என்றால் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384. இந்த வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், வளவில் தெரியும்.

மத்தியான வேளையில் வளவில் போய் நில்லுங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றத்தில் வெயில் கொட்டுகிறது. சுற்றிலும் தாழ்வாரத்தில் எண்ணெய் தடவி எடுத்த கறுப்புத் தூண்கள். அதற்குப் பின்னால் அறைக்கதவுகள் இருட்டில். முற்றத்துத் தரை வெளுக்காமல் இருக்க எக்ஸ்போஷரை (உள்ளே விடும் வெளிச்சத்தை) குறைத்தால் தூண்கள் கரிக்கட்டையாகிவிடும். ஜேபெக்கில் அந்த இருட்டைக் கம்ப்யூட்டரில் தூக்கினால் செதுக்கல் வராது. பட்டை பட்டையாகச் சாம்பல் நிறம்தான் வரும், ஏனென்றால் அந்த இருட்டுக்குள் மிஞ்சியிருந்தவை நாலைந்து படிகள்தான். ராவில் தூக்கினால் தூணில் இருக்கும் வரிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கொஞ்சம் நொய்ஸ், அதாவது மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும், அது பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. இருட்டைத்தான் ரா மீட்கும். அடியோடு வெளுத்துப்போன வெள்ளையை ராவும் மீட்காது. ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால் மேற்பரப்பு பளபளவென்று இருக்கும். அதில் வெயில் பட்டுத் தெறிக்கும் இடம் முழுக்க வெளுத்துவிட்டால் அங்கே ஃபைலில் எதுவும் இல்லை. ஆகவே வளவில் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், இருட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எல்லாரும் ரா எடுக்கலாமே? வேண்டாம். ரா எடுத்தால் ஒவ்வொரு படத்தோடும் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். உட்கார மாட்டீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தால், அந்த ஃபைல்கள் ஹார்டு டிஸ்க்கில் பெட்டகத்துப் பாத்திரம் மாதிரி கிடக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு லார்ஜ் ஃபைன் ஜேபெக்தான் நேர்மையான செட்டிங். நானே என் அக்கா மகன் காதுகுத்துக்கு ஜேபெக்கில்தான் எடுத்தேன்.

நடுவழி ஒன்று உண்டு: ரா + ஜேபெக். ஒரே கிளிக்கில் இரண்டு ஃபைல். ஜேபெக்கை அன்று ராத்திரியே அனுப்பிவிடலாம். ரா வீட்டில் தூங்கட்டும். எந்த ஆச்சி எப்போது போன் செய்வாரோ. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு முதல் ஆறு மாசத்துக்கு நான் சொல்வது இதைத்தான். ராவைத் திறந்து பார்க்கப் பழகும்வரை ஜேபெக் கையில் இருக்கும், பழகிய பிறகு பழைய படங்களும் ராவாக இருக்கும்.

புதிய கேமராக்களில் ஹெய்ஃப் என்று ஒன்றும் வருகிறது. 10 பிட், அதாவது 1,024 படிகள். ஜேபெக்கைவிடச் சிறியது, நல்லது. ஆனால் ஆல்பத்துக்குக் கொடுத்தால் லேபில் ஜேபெக்காக மாற்றிக் கொண்டுவரச் சொல்வார்கள். இப்போதைக்கு விடுங்கள்.

ரா மெனுவுக்குள் இன்னொரு மெனு

கொஞ்சம் விலை கூடிய கேமராக்களில் ராவுக்கும் சுருக்கம், பிட் என்று கேள்வி கேட்கும். சுருக்காத ரா, இழப்பில்லாமல் சுருக்கிய ரா, இழப்போடு சுருக்கிய ரா என்று மூன்று வகை. நடுவில் இருக்கும் ‘லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு’ எடுத்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் 14 பிட் ரா சுருக்காமல் 42 எம்பிக்குக் குறையாது. இழப்பில்லாமல் சுருக்கினால் 25–30க்கு வந்துவிடும், ஒரு புள்ளிகூடக் குறையாது. சுருக்காததை யார் எதற்கு எடுக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கேனானில் சி-ரா என்று இருப்பது கொஞ்சம் இழப்போடு சுருக்குவது. நாள் முழுக்க ஓடும் கல்யாணத்துக்கு அது தாராளமாகப் போதும். பிட் கேட்டால் 14. 12-ல் வைத்தால் படம் கெட்டுவிடாது, ஆனால் வளவு இருட்டைத் தூக்கும்போது அந்த மிச்சப் படிகள் உதவும்.

ஜேபெக் எடுப்பவர்கள் தவறவிடக்கூடாத இடம்

ராவில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சரிசெய்தல்) தவறினால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக்கில் அது குழம்பில் விழுந்த உப்பு. அதனால் ஜேபெக் மட்டும் எடுக்கிறவர்கள் இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஒயிட் பேலன்ஸ்: கல்யாண வீட்டில் முற்றத்திலிருந்து நீல வெளிச்சம், தாழ்வாரத்தில் மஞ்சள் பல்பு, முகப்பில் சீரியல் செட், ஜன்னலுக்கு மேலே வண்ணக் கண்ணாடி. ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறம் வரும்; மணப்பெண் ஒரு படத்தில் மஞ்சள், அடுத்ததில் ஊதா. ஒரு இடத்தில் நின்று நிறைய எடுக்கப் போகிறீர்கள் என்றால், அங்கே ஒரு வெள்ளைத் துண்டையோ சுண்ணாம்புச் சுவரையோ வைத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்து, அதையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய சுவராக இருந்தால் மஞ்சள் ஏறியிருக்கும், துண்டே மேல்.

பிக்சர் ஸ்டைல் அல்லது பிக்சர் கண்ட்ரோல்: ‘விவிட்’ வேண்டாம். கண்டாங்கியில் ஏற்கெனவே அரக்கும் கடுகு மஞ்சளும் கூவுகின்றன. விவிட் போட்டால் சிவப்பு மட்டும் உச்சிக்குப் போய் முட்டி, நூலும் மடிப்பும் தெரியாமல் ஒரே சிவப்புத் தகடு ஆகிவிடும். சாதாரண ஹிஸ்டோகிராம் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) இதைக் காட்டாது. மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது சுவரில் இடிக்கிறதா என்று பாருங்கள். ‘ஸ்டாண்டர்ட்’ நல்லது, பட்டுக்கு ‘நியூட்ரல்’ இன்னும் நல்லது. ராவே எடுத்தாலும் பின்திரையில் தெரியும் படமும் ஹிஸ்டோகிராமும் ஜேபெக்கிலிருந்து வருபவைதான். அதனால் நான் ராவுக்கும் நியூட்ரலில்தான் வைக்கிறேன், திரை பொய் சொல்லாமல் இருக்க.

நிழலைத் தூக்கும் வசதி: நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், சோனியில் டிஆர்ஓ. வளவுக்கு ஜேபெக் எடுத்தால் நடுத்தரமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியில் தேவையில்லை.

நொய்ஸ் ரிடக்‌ஷன்: காரைக்குடி கொப்புடையம்மன் தேர் ராத்திரியில் வரும்போது ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 6400-க்கு ஏறிவிடும். நொய்ஸ் ரிடக்‌ஷன் ‘ஹை’யில் இருந்தால் வடம் பிடிப்பவர்களின் முகத்தை மெழுகு பூசியது போல வழித்துவிடும். ‘லோ’வில் வையுங்கள். ‘லாங் எக்ஸ்போஷர் நொய்ஸ் ரிடக்‌ஷன்’ என்று இன்னொன்று இருக்கும். அது போட்டிருந்தால் பத்து வினாடி எடுத்த படத்துக்குப் பிறகு இன்னொரு பத்து வினாடி கேமரா கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். அதற்குள் தேர் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

லென்ஸ் கரெக்‌ஷன்: இதைப் போட்டே வையுங்கள். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டை ரோட்டில் நின்று வைடு லென்ஸில் எடுத்தால் ஓரத்து ஜன்னல்கள் வயிறு தள்ளி நிற்கும். ‘டிஸ்டார்ஷன்’ திருத்தம் அவற்றை நிமிர்த்தும். கேமராவைத் தலை தூக்கி எடுத்ததால் மேலே குறுகுவது வேறு சமாச்சாரம், அதை இது சரி செய்யாது.

கலர் ஸ்பேஸ்: எஸ்ஆர்ஜிபி. விவாதமே இல்லை. அடோபி ஆர்ஜிபியில் நிறங்கள் அதிகம்தான், ஆனால் அதைப் புரிந்துகொள்ளாத திரையில் கண்டாங்கி சோகை பிடித்தது போல் தெரியும். தெரியாமல் மாறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: கேனான், நிக்கான் இரண்டிலும் அடோபி ஆர்ஜிபியில் எடுத்த ஃபைலின் பெயர் அடிக்கோட்டோடு ஆரம்பிக்கும். சிவகாசியில் புத்தகம் அச்சடிக்கிற வேலை வந்தால் ரா எடுத்து, அச்சகம் கேட்பதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுங்கள்.

கார்டு, ஸ்லாட், ஃபைல் பெயர்

64 ஜிபி கார்டில் 24 மெகாபிக்சல் லார்ஜ் ஃபைன் ஐயாயிரம் படத்துக்கு மேல் நிற்கும். சுருக்கிய ரா இரண்டாயிரத்துச் சொச்சம். ரா + ஜேபெக் ஆயிரத்து ஐந்நூறு சுமார். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு 64 கார்டு, ஒரே 128ஐ விட நல்லது. ஒன்று போனாலும் பாதிக் கல்யாணம் மிஞ்சும்.

கார்டில் வி30 என்று போட்டிருந்தால் வினாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று அர்த்தம். இது எப்போது முக்கியம்? திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில். நாதஸ்வரம் வேகமெடுக்கும், எல்லாரும் எழுந்து நிற்பார்கள், நீங்கள் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி இருப்பீர்கள். ராவில் எடுத்தால் கேமராவின் தற்காலிக நினைவகம் சில வினாடிகளில் நிறைந்து, வேகம் சட்டென்று விழுந்துவிடும். மெதுவான கார்டு என்றால் அது காலியாக நேரம் பிடிக்கும். கழுத்துரு கழுத்தில் ஏறியபிறகுதான் அடுத்த படம் விழும். வேகமான கார்டு வாங்குங்கள். அதைவிட, அமுக்கிப் பிடிக்காமல் இரண்டு மூன்றாக விட்டு விட்டு எடுங்கள். ‘இது ஒன்று போதும்’ என்கிற இடத்தில் ரா + ஜேபெக்கிலிருந்து ராவுக்கு மட்டும் மாறிக்கொண்டாலும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

இரண்டு ஸ்லாட் இருந்தால் மெனுவில் மூன்று வழி காட்டும்: ஒன்று நிறைந்தபின் அடுத்தது, இரண்டிலும் ஒரே படம், ஒன்றில் ரா மற்றதில் ஜேபெக். கூலிக்கு எடுக்கிறவர்கள் இரண்டாவதை வையுங்கள். கார்டு ஒருநாள் கெடும். அது நிச்சயமாக முகூர்த்த நாளில்தான் கெடும்.

ஃபைல் எண் தொடர்ச்சியாக ஓடும்படி வையுங்கள். ‘ரீசெட்’டில் இருந்தால் ஒவ்வொரு கார்டும் 0001-லிருந்து ஆரம்பித்து, ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறி அழியும். தொடர்ச்சியாக ஓடினாலும் 9999-க்குப் பிறகு மீண்டும் ஒன்றுதான். இரண்டு கேமரா இருந்தால் பெயரின் முதல் மூன்று எழுத்தை மாற்றும் வசதியைத் தேடி, ஆளுக்கொரு பெயர் வைத்துவிடுங்கள்.

வீட்டுத் தரையிலேயே ஒரு சோதனை

நான் சொன்னதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். பூவேலை உள்ள தரை, இல்லாவிட்டால் கட்டம் போட்ட சேலை ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, இரண்டு வினாடி டைமர். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிட்டு அசையாமல் நாலு படம்: லார்ஜ் ஃபைன், லார்ஜ் நார்மல், லார்ஜ் பேசிக், ஸ்மால் ஃபைன்.

கம்ப்யூட்டரில் நாலையும் நூறு சதவீதத்தில் திறந்து, இரண்டு நிறம் முட்டும் கோட்டைப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவதில் கோட்டோரம் அழுக்கு தெரியும். நாலாவது சுத்தமாக இருக்கும், ஆனால் சின்னதாக இருக்கும். முதல் படத்தின் அளவுக்கு அதை இழுத்துப் பாருங்கள், என் கஜலட்சுமி அங்கே இருப்பாள்.

அடுத்து ராவிலும் ஜேபெக்கிலும் ஒரே படம், வேண்டுமென்றே மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) இருட்டாக எடுத்து இரண்டையும் தூக்கிப் பாருங்கள். இந்த இருபது நிமிஷம், பத்து வீடியோ பார்ப்பதைவிட மேல்.

நான் வைத்திருப்பது

வீடு, கோயில், தூண், தரை என்றால் ரா மட்டும், இழப்பில்லாத சுருக்கம், 14 பிட், ஐஎஸ்ஓ 100, ஸ்டாண்டில். கல்யாணம் என்றால் ரா ஒரு கார்டு, லார்ஜ் ஃபைன் ஜேபெக் இன்னொரு கார்டு. கூலிக்குப் போகிறவர்கள் இரண்டிலும் ஒரே படம் வையுங்கள் என்று மேலே சொல்லிவிட்டு நானே மீறுவதற்குக் காரணம், பந்தி முடிவதற்குள் வீட்டுக்காரர்களுக்குப் பத்துப் படம் கொடுக்க ஜேபெக் வேண்டும். ரா கார்டு போனாலும் ஃபைன் ஜேபெக் ஆல்பத்துக்குத் தாங்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய பொருள்களை விற்பனைக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டால் லார்ஜ் நார்மல் ஜேபெக், கஸ்டம் ஒயிட் பேலன்ஸ். நூற்றுக்கணக்கில் பித்தளை அண்டாவை ராவில் எடுத்து யார் உட்காருவது?

இந்தச் செட்டிங்குகளை யு1, யு2 அல்லது சி1, சி2 என்று டயலிலேயே சேமித்துக்கொள்ளலாம். உங்கள் கேமராவில் அது இருந்தால் இன்றைக்கே செய்துவிடுங்கள். அவசரத்தில் மெனுவைத் தோண்டுகிறவர்தான் ஸ்மாலில் விட்டுவிட்டு வருவார்.

எடுத்த பிறகு

கிளம்பும் முன் ஒரு படத்தைத் திறந்து, பெரிதாக்கி, கண்ணையோ செதுக்கலையோ பாருங்கள். ‘இன்ஃபோ’ பட்டனை அமுக்கினால் ஓரத்தில் அளவும் தரமும் எழுதியிருக்கும். ‘6000x4000, ஃபைன்’ என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நான் வாசல் படி இறங்குவேன்.

ஜேபெக்கைத் திறந்து திருத்தி அதே பெயரில் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் அந்த எட்டுக்கு எட்டு கற்களை மறுபடி பிழிகிறது. மூலத்தை ஒரு ஃபோல்டரில் தொடாமல் வைத்து, திருத்தியதை வேறு பெயரில் வையுங்கள். வெறுமனே திறந்து பார்ப்பதாலோ நகல் எடுப்பதாலோ எதுவும் குறையாது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். லேபுக்கு அனுப்புவதை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள், ஃபைல் அப்படியே போகும். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரிண்ட் போட்டுவிட்டு “கேமரா சரியில்லையா தம்பி” என்று கேட்பார்கள். கோபப்படாமல் மூல ஃபைலைக் கொடுங்கள்.

பல வருஷம் நிற்க வேண்டிய படம் என்றால் ராவோடு ஒரு லார்ஜ் ஃபைன் ஜேபெக்கும் சேர்த்து வைக்கிறேன். ரா ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வகை. அடோபி 2004இல் கொண்டுவந்த டிஎன்ஜி பொதுவானது, அதற்கு மாற்றி வைப்பவர்களும் உண்டு. 1912இல் கட்டிய கானாடுகாத்தான் அரண்மனை இன்றைக்கும் நிற்கிறது. நம் ஃபைல் பேரன் காலத்தில் திறந்தால் போதும்.

கார்டிலிருந்து இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒன்றை தேவகோட்டையில் தம்பி வீட்டில் வைத்திருக்கிறேன். இரண்டிலும் நாலைந்து படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டு மறுபடி கேமராவுக்குள் போய் ஃபார்மேட் ஆகும்.